மும்பையின் பெயர்ப்பலகையற்ற உணவகங்கள்

ஒரு மாநகரின் பொருளாதாரத்தை ஆராய்வோர் அதன் ஆலைகள், வங்கிகள், துறைமுகம் ஆகியவை பற்றிய புள்ளிவிவரங்களை நாடுவது வழக்கம். அங்கு உழைப்போர் நண்பகலில் எங்கே உண்கின்றனர், அதற்கு எவ்வளவு செலவிடுகின்றனர் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 1.24 கோடி மக்கள் வாழும் மும்பையில், இவ்வினாவுக்கான விடை பெரும் விடுதிகளில் இல்லை. சந்துகளிலும், சந்தைகளின் மாடிகளிலும், தொழிலாளர் குடியிருப்புகளின் ஒற்றையறைகளிலும் இயங்கும் சிறிய உணவகங்களே அவ்விடையைத் தருகின்றன. இவற்றுள் பலவற்றுக்குப் பெயர்ப்பலகையும் இல்லை, விளம்பரமும் இல்லை.

குடியேற்றத்தின் சுவடுகள்

1995 வரை பம்பாய் என வழங்கிய இந்நகரம், வெளியூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரால் வளர்ந்ததாகும். வந்த ஒவ்வொரு பிரிவினரும் தமக்கென ஓர் உணவகமுறையை உருவாக்கிக் கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானின் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து வந்த சொராஷ்டிரியர் தெருமுனைகளில் தேநீர்க் கடைகளை அமைத்தனர். வெண்ணெய் தடவிய ரொட்டியும் தேநீரும் குறைந்த விலையில் கிடைத்த இக்கடைகளில் எச்சமூகத்தினரும் அருகருகே அமர முடிந்தது. 1904இல் தொடங்கிய கயானி உணவகம் போன்ற சில இன்றும் நிலைத்திருப்பினும், இவ்வகைக் கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன.

காலபாதேவி துணிச்சந்தையில் பணிபுரிந்த குஜராத்தி, மார்வாடிக் கணக்கர்களுக்காக மாடிகளில் தாலி உணவகங்கள் தோன்றின. எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் வந்த தென்னிந்தியர் மாதுங்காவில் குடியேறியபோது, அங்கு இலைச் சாப்பாடும் இட்லியும் வழங்கும் உணவகங்கள் பெருகின. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல் தொடங்கப்பட்ட ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் அவற்றுள் ஒன்று. தாராவியிலும் மாதுங்கா தொழிலாளர் முகாமிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வைகறையில் அவிக்கும் இட்லிகள், மிதிவண்டிகளில் ஏற்றப்பட்டு நகரெங்கும் விற்கப்படுகின்றன. வண்டியின் ஊதல் ஒலியே இவ்வணிகத்தின் பெயர்ப்பலகை எனலாம்.

ஆலையும் அடுப்பும்

இவை அனைத்திலும் மிகக் குறைவாக அறியப்பட்டதும், பொருளாதார நோக்கில் மிக முக்கியமானதும் ‘கானாவள்’ ஆகும். மராத்தியில் இச்சொல் உணவு வழங்கும் இல்லத்தைக் குறிக்கும். 1850களில் நகரின் முதல் பஞ்சாலை தோன்றிய பின், பரேல், லால்பாக், ஒர்லி பகுதிகளில் ஆலைகள் பெருகின. கொங்கணக் கடற்கரையிலிருந்தும் சதாரா, கோலாப்பூர் பகுதிகளிலிருந்தும் ஆடவர் திரளாக வந்தனர். குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டுப் பலர் சேர்ந்து ஓர் அறையில் தங்கினர். ஒரு முறைவேலையினர் ஆலைக்குச் செல்லும்போது மற்றொரு முறைவேலையினர் அதே அறையில் உறங்கினர். அவர்களுக்குச் சமைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை.

இக்குறையை நிறைவு செய்தவர்கள், அதே குடியிருப்புகளில் வாழ்ந்த பெண்கள். விதவையர், கணவனால் கைவிடப்பட்டோர், கணவனின் கூலி போதாதோர் எனப் பலரும் தம் ஒற்றையறையிலேயே அடுப்பு மூட்டி, தொழிலாளர்களுக்கு இருவேளை உணவளித்தனர். சோள ரொட்டியான பாக்ரி, பயறு, சோறு, இயன்ற நாளில் மீன் குழம்பு ஆகியவை உணவாயின. ஆலை மாதக்கூலி வழங்கியதும் உணவுக் கணக்கு தீர்க்கப்பட்டது. வந்தவருக்குத் தம் ஊரின் சுவையும், பசித்த வேளையில் கடனுக்கு உணவும் கிடைத்தன. ஆலைமுதலாளியின் செலவுக் கணக்கில் இடம்பெறாத இவ்வுழைப்பே குறைந்த கூலியில் தொழிலாளர் வாழ்வதற்குத் துணைநின்றது.

கடன் என்னும் சிக்கல்

ஆயினும் கானாவள் நடத்திய பெண்ணின் நிலை இடர்ப்பாடு நிறைந்தது. அரிசி, மாவு, எண்ணெய், விறகு ஆகியவற்றை மாதத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டும். வருவாயோ மாத இறுதியில்தான் வரும். இடைப்பட்ட நாட்களுக்கான நடைமுறை மூலதனத்தை மளிகைக் கடைக்காரரே கடனாக வழங்கினார். கடன்பட்டவரால் விலையைப் பேரம் பேசவோ, தரம் குறைந்த தானியத்தை மறுக்கவோ இயலவில்லை. இலாபத்தின் பெரும்பகுதி வட்டியாகச் சென்றது. நகையும் பாத்திரமும் அடகுக்குப் போயின.

தொழிற்சங்க இயக்கத்தில் அனுபவம் பெற்ற பிரேமா புராவ் இச்சிக்கலை உணர்ந்து, 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டலத்தை நிறுவினார். 1969இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டிருந்தன. 1972இல் நலிந்தோருக்கு 4 சதவீத வட்டியில் கடன் வழங்கும் வேறுபட்ட வட்டி விகிதத் திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. எனினும் ஈடு காட்ட இயலாத, கையெழுத்திடவும் அறியாத பெண் வங்கியின் வாயிலை எட்டுவது எளிதன்று. இப்பெண்களைக் குழுக்களாக அமைத்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கச் செய்து, வங்கிக் கடன் பெற்றுத் தந்தது இவ்வமைப்பின் முதற்பணி. குழுப்பொறுப்பின் அடிப்படையில் கடன் வழங்கும் முறை பிற்காலத்தில் நாடெங்கும் சுயஉதவிக் குழுக்கள் வாயிலாகப் பரவியது என்பது நினைவுகூரத்தக்கது.

ஆலைகள் ஓய்ந்த பின்

1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை இலட்சம் தொழிலாளர் பங்கேற்றனர். அவர்களின் கூலி நின்றபோது, அதையே நம்பியிருந்த கானாவள்களின் வருவாயும் நின்றது. உண்டவரிடம் கேட்க முடியாத பாக்கி ஒருபுறம். மளிகைக் கடைக்காரரிடம் தீர்க்க வேண்டிய பாக்கி மறுபுறம். வேலைநிறுத்தத்துக்குப் பின் பல ஆலைகள் மீளவே இல்லை. அவை நின்ற நிலத்தில் இன்று வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் காணப்படுகின்றன. வேலையிழந்தோர் சிலர் தாமே தெருவோரத்தில் வடா பாவ் விற்கத் தொடங்கினர். முன்பு உண்ணும் வரிசையில் நின்றவர் விற்கும் இடத்துக்கு மாறினார்.

அரசு முயற்சிகளும் மேற்கொள்ளப்பட்டன. மகாராஷ்டிர அரசு 1995இல் ஒரு ரூபாய்க்கு ஜுன்கா பாக்ரி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மானியச் சுமையால் அது சில ஆண்டுகளில் நின்றது. 2020 ஜனவரி 26 அன்று 10 ரூபாய் விலையில் சிவ போஜன் திட்டம் தொடங்கப்பட்டது. மலிவு உணவுக்கான தேவை மறையவில்லை என்பதையே இவை உணர்த்துகின்றன.

சட்டத்தின் எல்லை

தெருவில் விற்பது அரசியலமைப்பின் 19ஆவது பிரிவின்கீழ் உள்ள தொழில் உரிமையுள் அடங்கும் என்றும், அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் உச்ச நீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கில் கூறியது. 2014இல் தெரு விற்பனையாளர் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை எந்த விற்பனையாளரையும் அப்புறப்படுத்தலாகாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதத்தினர் விற்பனையாளர்களாக இருத்தல் வேண்டும். மும்பையில் இக்குழுக்களுக்கான தேர்தல் 2024இல்தான் நடைபெற்றது. 2020இல் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதித் திட்டம் ஈடு கோராத நடைமுறை மூலதனக் கடனை இவர்களுக்கு வழங்குகிறது.

இவை வரவேற்கத்தக்கவையே. எனினும் இவை தெருவில் விற்போரைக் கருத்தில் கொண்டவை. தன் வீட்டறையில் சமைத்து அங்கேயே பரிமாறும் பெண் தெரு விற்பனையாளர் அல்லர். கடை நடத்துபவராகவும் கருதப்படுவதில்லை. குடியிருப்பு இடித்துப் புதிதாகக் கட்டப்படும்போது அவருக்கு வசிக்கும் அறை கிடைக்கலாம்; உண்ண வருவோர் கிடைப்பார்களா என்பதை எந்தத் திட்டமும் கணக்கில் கொள்வதில்லை.

கண்டறியும் முறை

இத்தகைய இடங்களைக் காண விரும்புவோர் வழிகாட்டி நூல்களைக் காட்டிலும் உழைப்போரின் நடமாட்டத்தைப் பின்பற்றுதல் நன்று. மாத்தாடி எனப்படும் சுமைதூக்குவோர் நண்பகலில் எந்தச் சந்துக்குள் நுழைகின்றனர், வெளியூர் நோயாளிகளின் உறவினர் மருத்துவமனைக்கு அருகில் எங்கே உண்கின்றனர் என்பவற்றைக் கவனித்தால் போதும். அன்றைய உணவைச் சுண்ணக்கட்டியால் எழுதிய பலகை, ஒரே வகை உணவு, விரைவில் தீர்ந்துவிடும் சட்டி ஆகியவை நல்ல அடையாளங்கள். அரைக் கோப்பை அளவில் ‘கட்டிங்’ எனக் கேட்டுப் பெறப்படும் தேநீர், குறைந்த கூலிக்கேற்ப அளவைப் பிரித்துக்கொண்ட சந்தையின் அறிவைக் காட்டுகிறது.

பொருளியல் மாணவருக்கு இவ்விடங்கள் சிறந்த களஆய்வுக் கூடங்களாகும். எத்தனை பேர் உண்கின்றனர், கடன் எங்கிருந்து வருகிறது, வாடகை எவ்வளவு, தண்ணீர் எவ்வாறு கிடைக்கிறது என்று கேட்டறிவது பயனுள்ள பயிற்சி. நகராட்சி அலுவலர், மறுகட்டுமானத்துக்கு முன் நடத்தும் கணக்கெடுப்பில் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையுடன், ‘இவ்வீட்டு அடுப்பில் எத்தனை பேருக்குச் சமைக்கப்படுகிறது?’ என்ற ஒரு வினாவையும் சேர்க்கலாம். அவ்வினாவுக்குப் படிவத்தில் ஓர் இடம் கிடைத்தால், புதிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அப்பெண்ணுக்குச் சமையற்கூடம் ஒன்று ஒதுக்குவதற்கும் வழி பிறக்கும்.