மணவாளக்குறிச்சி மணலில் கசியும் நிகழ்தகவு

குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு கை மணலை அள்ளிப் பாருங்கள். கறுப்பாக மினுங்குவது இல்மனைட். சிவப்பு மணிகள் கார்னெட். அவற்றுக்கு நடுவே தேன் நிறத்தில் ஒன்றிரண்டு தென்பட்டால் அது மோனசைட். தோரியம் உள்ள கனிமம். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் இதை அடையாளம் கண்டார். மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கும் ஆலை இந்த ஊருக்கு வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான்.

அந்தத் தேன் நிற மணிக்குள் இருக்கும் ஒரு தோரியம் அணுக்கரு என்றாவது ஒருநாள் ஆல்பா துகள் ஒன்றை வெளியே விடும். என்றைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. நிகழ்தகவைத்தான் சொல்லலாம். ஆனால் அந்த நிகழ்தகவுக்குக் கறாரான வரவுசெலவுக் கணக்கு உண்டு.

குளத்துக் கணக்கு

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இந்தக் கணக்கு பழக்கமானதுதான். நேற்றைவிட இன்று குளத்தில் தண்ணீர் குறைந்திருந்தால் மடை வழியே போயிருக்க வேண்டும். இல்லையென்றால் கரையில் எங்கோ கசிகிறது. பேச்சிப்பாறை அணையில் குறைந்த தண்ணீர் திடீரென்று தோவாளை வயலில் முளைத்துவிடாது. சானலில் அடி அடியாகக் கடந்துதான் வந்து சேரும்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. மொத்தத் தண்ணீர் மாறவில்லை என்பது ஒன்று. எந்த இடத்தில் குறைந்தாலும் அந்த இடத்தின் எல்லையைத் தாண்டி ஓடியதால்தான் குறைந்தது என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் கடுமையான நிபந்தனை. இதைக் கணிதமாக எழுதினால் கிடைப்பது தொடர்ச்சிச் சமன்பாடு.

நிகழ்தகவும் இதே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டதுதான். 1926-இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர், துகள்களை அலையாக விவரிக்கும் தன் சமன்பாட்டை வெளியிட்டார். அந்த அலை எதைக் குறிக்கிறது என்பதற்கு அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன் விடை சொன்னார்: ஓரிடத்தில் அலையின் அளவை வர்க்கப்படுத்தினால், துகள் அங்கே இருக்கும் நிகழ்தகவின் அடர்த்தி கிடைக்கும். எல்லா இடத்தையும் கூட்டினால் விடை 1. துகள் எங்காவது இருந்தாக வேண்டுமல்லவா? நேரம் போகப் போக இந்த 1 கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஷ்ரோடிங்கரின் சமன்பாடு அதை மட்டுமல்ல, இடத்துக்கு இடம் தொடர்ச்சிச் சமன்பாட்டையும் தானாகவே நிறைவேற்றுகிறது. குளத்தில் தண்ணீர் குறைந்ததற்கு வெயிலைக் காரணம் சொல்லலாம். இந்தக் கணக்கில் மழையும் இல்லை, ஆவியாதலும் இல்லை.

தண்ணீர் சரிவில் ஓடும், நிகழ்தகவு?

அலைக்கு ஒவ்வோர் இடத்திலும் அளவு ஒன்று உண்டு. கடிகார முள் திசை காட்டுவதுபோல ஒரு கோணமும் உண்டு. இந்தக் கோணத்துக்குக் கட்டம் என்று பெயர். பக்கத்துப் பக்கத்து இடங்களில் முள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தால், அந்தத் திருப்பம்தான் சரிவு. சரிவைப் பிளாங்க் மாறிலியிலிருந்து வரும் ஓர் எண்ணால் பெருக்கி, துகளின் நிறையால் வகுத்தால் வேகம் கிடைக்கும். வேகத்தை அடர்த்தியால் பெருக்கினால் நிகழ்தகவு ஓட்டம். எல்லா இடத்திலும் முள் ஒரே திசையைக் காட்டினால் ஓட்டமே கிடையாது. மடை அடைத்த குளம்போல அசையாமல் கிடக்கும்.

கரையைக் குடையும் கசிவு

இனி தோரியத்துக்கு வருவோம். அணுக்கருவுக்குள் இருக்கும் ஆல்பா துகளின் ஆற்றல் ஏறக்குறைய 40 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். அதைச் சுற்றியிருக்கும் மின்விசைக் கரையின் உயரமோ 2 கோடிக்கு மேல். பழைய இயற்பியலின்படி அது எந்தக் காலத்திலும் வெளியே வர முடியாது. ஆனால் அலை கரைக்குள் புகுந்து, தேய்ந்து தேய்ந்து, மறுபுறத்தில் மிக மெல்லியதாக எட்டிப் பார்க்கிறது. 1928-இல் காமோவ் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். கர்னி, காண்டன் இருவரும் அதே ஆண்டில் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள்.

கசிவின் அளவைப் பாருங்கள். ஒரு தோரியம் கருவிலிருந்து நொடிக்கு வெளியே ஓடும் நிகழ்தகவு, சுமார் 6,400 கோடி கோடியில் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் நிகழ்தகவு பாதியாகக் குறைய 1,405 கோடி ஆண்டு ஆகும். இதே தோரியத்தின் வழித்தோன்றலான பொலோனியம்-212-இல் ஆல்பாவின் ஆற்றல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அங்கே பாதியாவதற்கு நொடியை ஒரு கோடியாகப் பிரித்ததில் 3 பங்கு போதும். துகள் கடக்க வேண்டிய கரையின் உயரமும் அகலமும் குறையும்போது கசிவு எப்படி எகிறுகிறது!

இங்கே குளத்து உவமை ஓரிடத்தில் நின்றுவிடும். குளத்திலிருந்து தண்ணீர் துளித்துளியாகக் குறையும். ஆல்பா துகள் அப்படித் துளித்துளியாக வெளியேறுவதில்லை. தேடினால் முழுசாக உள்ளே இருக்கும், அல்லது முழுசாக வெளியே இருக்கும். ஓடுவது வாய்ப்பு மட்டுமே. ஆனால் ஒரு கிராம் தோரியத்தில் 2.6 கோடி கோடி கோடி அணுக்கள் இருக்கின்றன. அந்த மிகச் சிறிய வாய்ப்பை இத்தனை அணுக்களால் பெருக்கினால், நொடிக்குச் சுமார் 4,000 சிதைவு என்று விடை வரும். அளந்து பார்த்தாலும் அதுதான் வருகிறது.

கசிந்து தீர்ந்த கருக்கள், இடையில் பல தனிமங்களாக மாறி, கடைசியில் ஈயம்-208 ஆகி அந்த மணிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. புவியியலாளர்கள் மோனசைட்டில் உள்ள ஈயத்தைத் தோரியம், யுரேனியத்தோடு ஒப்பிட்டு வயது சொல்வது இதனால்தான். தென்கேரள, குமரிப் பகுதிப் பாறைகளில் 50 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட மணிகள் உண்டு. அவ்வளவு காலத்தில் அவற்றின் தோரியத்தில் கரைந்தது 100-க்கு இரண்டு மூன்று மட்டும். போனதற்கும் இருப்பதற்குமான கணக்கு, கையிலிருக்கும் அந்தத் தேன் நிற மணிக்குள் பிசகாமல் இருக்கிறது.