கடலடி மீனின் வயதை அறிவது எப்படி?

மலைநாட்டில் இருக்கும் எமக்குக் கடலை அறிமுகப்படுத்துவது கருவாடுதான். காரல், கத்தாளை, திருக்கை ஆகியவை கடலின் அடித்தரையை ஒட்டி வாழ்பவை. பிடிபட்டபோது இவற்றுக்கு வயது என்ன? அதை அறிய வழி உண்டு.

காதுக்கல்

கத்தாளையின் தலையைப் பிளந்து பாருங்கள். வெள்ளைக் கற்கள் இரண்டு கிடைக்கும். இவை காதுக்கற்கள். மீன் உடலை நிலைப்படுத்தவும் ஒலியை உணரவும் உதவுகின்றன. மீன் வளர வளர, இக்கல்லின் மேல் சுண்ணாம்புப் படைகள் படிகின்றன. குளிர்நாட்டுக் கடல்களில் குளிர்காலத்தில் வளர்ச்சி குறைவதால், ஆண்டுக்கு ஒரு வளையம் தெளிவாகத் தெரியும். கல்லை மெல்லியதாகச் சீவி, நுணுக்குக்காட்டியில் வைத்து வளையங்களை எண்ணுகிறார்கள். திருக்கைக்கு இத்தகைய கல் இல்லை. அதன் முள்ளந்தண்டிலுள்ள வளையங்களை எண்ணுவர்.

எமது கடலில்

எமது கடல் ஆண்டு முழுவதும் வெப்பமானது. ஆகையால் ஆண்டு வளையம் பல மீன்களில் தெளிவாக இராது. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, நாள் வளையம். காதுக்கல்லில் நாளுக்கு ஒரு நுண்ணிய படை விழுவதை 1971 இல் ஜோர்ஜியோ பன்னெல்லா எடுத்துக்காட்டினார். இளம் மீன்களுக்கு இம்முறை ஏற்றது.

மற்றது, நீள அளவை. கரைக்கு வரும் மீன்கள் பலவற்றை மாதந்தோறும் அளப்பார்கள். பாடசாலைப் பிள்ளைகளை நிரையாக நிறுத்தினால் வகுப்புக்கு வகுப்பு உயரம் வேறுபடுவதுபோல, ஒரே காலத்தில் பிறந்த மீன்கள் ஒரே நீளத்தில் திரளும். அத்திரள் மாதத்துக்கு மாதம் எவ்வளவு நீள்கிறது என்பதே வளர்ச்சி வேகம்.

வயது தெரியாவிட்டால்?

நியூசிலாந்தின் ஆழ்கடலில் ஆரஞ்சு ரஃபி என்ற மீனை 1970களின் இறுதியில் பெருமளவில் பிடிக்கத் தொடங்கினார்கள். அது விரைவில் வளரும் என்று நம்பினார்கள். காதுக்கல்லைச் சீவிப் பார்த்தபோதோ, நூறு வயதைத் தாண்டிய மீன்கள் இருந்தன. முட்டையிடும் பருவத்தை அடையவே ஏறத்தாழ 30 ஆண்டுகள் செல்லும். இது தெளிவாகுமுன் மீன்வளம் பெரிதும் குறைந்துவிட்டது.

வலைக்கண்ணின் அளவையும் மீன்பிடி மூடும் காலத்தையும் தீர்மானிக்க இந்த அறிவு தேவை. சிறிதும் பெரிதுமாக அடித்தரையை வாரும் இழுவைமடியை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது.

கன்றுத் தேயிலையில் காலம் வருமுன் கொழுந்து பறித்தால் செடி உருப்படாது. கவ்வாத்து வெட்டவும் காலம் பார்க்கிறோம். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்த மண்சரிவின்பின் புது மண்ணில் தோட்டம் போட்டவர்களுக்கு, விதைக்கென ஒரு பங்கை விட்டுவைப்பதன் அருமை தெரியும். கடலிலும் ஒருமுறையாவது முட்டையிட்ட மீனைப் பிடிப்பதே அடுத்த விளைச்சலுக்கு விதை விடுவதாகும்.