கடைமடைக்கும் தண்ணீர்!



ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தலைமடையில் இருக்கிறது. மற்றொன்று கடைமடையில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால் என்ன நடக்கும்? தலைமடைக்காரர் தம் வயல் நிறையும்வரை மடையை அடைக்கமாட்டார். கடைமடைக்காரரின் பயிர் காயும். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். ஆகவே மேலே இருப்பவருக்கே எப்போதும் முதல் வாய்ப்பு. உலகில் பாசனம் நடக்கும் இடங்களிலெல்லாம் இந்தச் சச்சரவு உண்டு.

ஆனால் இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவில், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக மேல்வயல்காரர்கள் கீழ்வயல்காரர்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுத் தந்து வருகிறார்கள். அவர்கள் எல்லாரும் தியாகிகளா? இல்லை, நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள்தாம். அப்படியானால் ஏன் தருகிறார்கள்? இதன் விடையில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. கொஞ்சம் பூச்சியியல் இருக்கிறது. எளிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. வாருங்கள், அங்குள்ள ஒரு கிராமத்தின் வழியே அதைக் காண்போம்.

மலைச் சரிவில் ஒரு கிராமம்

பாலித் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 8 பாகையில் இருக்கிறது. தீவின் நடுவே எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று 2,276 மீட்டர் உயரமுள்ள பத்துக்காரு மலை. தபானன் மாவட்டத்தில், அந்த மலையின் தெற்குச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஜாத்திலுவி என்னும் கிராமம். 'உண்மையிலேயே சிறப்பானது' என்பது அந்தப் பெயரின் பொருள்.

ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் படிக்கட்டு போன்ற நெல் வயல்கள். ஒவ்வொரு படியும் மலையின் வளைவை ஒட்டி வளைந்து செல்கிறது. காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று. நெல் வயலில் தண்ணீர் எங்கும் ஒரே ஆழத்தில் நிற்க வேண்டும். ஆகவே ஒரு படியின் தரை முழுவதும் ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். சரிவில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துக்கொண்டு போனால் வளைந்த கோடுதான் கிடைக்கும். மட்டம் பார்க்கத் தனிக்கருவி தேவையில்லை. தேங்கி நிற்கும் தண்ணீரைவிடச் சிறந்த மட்டக் கருவி வேறு உண்டா?

இங்கே விளையும் நாட்டு நெல்லில் புகழ்பெற்றது சிவப்பரிசி. அது முதிர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதை அறுத்த பிறகு குறுகிய காலப் பயிர் ஒன்றை வைப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கத்தியால் கதிரை ஒவ்வொன்றாகக் கொய்வது பழைய வழக்கம். நெல்லின் தெய்வத்துக்குத் தேவி ஸ்ரீ என்று பெயர். பாலி மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்குத் திருமகள் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

சுபாக் என்னும் நீர்ச்சங்கம்

ஒரே நீர்மூலத்திலிருந்து பாசனம் பெறும் உழவர்கள் எல்லாரும் சேர்ந்த சங்கத்துக்குச் 'சுபாக்' என்று பெயர். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிராமம் வேறு, சுபாக் வேறு. கிராமத்தின் எல்லை வீடுகளால் அமைகிறது. சுபாக்கின் எல்லையோ தண்ணீர் பாயும் வழியால் அமைகிறது. ஆகவே ஒரே சுபாக்கில் பல ஊர்க்காரர்கள் இருக்கலாம். ஒரே ஊர்க்காரர் இரண்டு சுபாக்குகளில் உறுப்பினராக இருக்கலாம். 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, செப்பேடுகளிலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது. மலையைக் குடைந்து தண்ணீர்ச் சுரங்கம் வெட்டும் தொழிலாளர்களைப் பற்றிய குறிப்பு அதற்கும் முன்பே, 9ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது.

இப்போது பாலியில் சுமார் 1,200 சுபாக்குகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 உழவர்கள் வரை இருப்பார்கள். தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வாய்க்காலைத் தூர் வாருவது, உடைப்பை அடைப்பது, நாற்று விடும் நாளைக் குறிப்பது எல்லாம் கூட்டத்தில் முடிவாகும். ஒரே ஆற்றுப் படுகையிலுள்ள பல சுபாக்குகளுக்குப் பொதுவாக ஒரு நீர்க்கோயில் இருக்கும். அங்கே கூடித்தான் எந்தச் சுபாக் எப்போது நடவு செய்வது என்று பேசிக்கொள்வார்கள்.

அளவுகோல் ஒரு மரக்கட்டை

தண்ணீரை எப்படி அளந்து பங்கிடுகிறார்கள்? இதற்குக் கடிகாரமும் வேண்டாம், அளவுமானியும் வேண்டாம். வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் படுக்கை வாட்டில் பதிக்கிறார்கள். இதற்குத் 'தெம்புக்கு' என்று பெயர். கட்டையின் மேல் விளிம்பில் செவ்வகப் பள்ளங்களை வெட்டுகிறார்கள். எல்லாப் பள்ளங்களின் அடிமட்டமும் ஒன்றே. அகலம் மட்டும் பங்குக்கு ஏற்ப மாறும். ஒரு பங்குள்ளவருக்கு நான்கு விரற்கடை அகலம் என்றால், மூன்று பங்குள்ளவருக்குப் பன்னிரண்டு விரற்கடை.

இந்த எளிய கட்டைக்குள் ஒளிந்திருக்கும் இயற்பியலைப் பாருங்கள். கட்டைக்கு மேற்புறம் தண்ணீர் அமைதியாகத் தேங்கி, பள்ளங்களின் வழியே மறுபுறம் தடையின்றி விழுகிறது. தேங்கிய நீரின் மட்டம் எங்கும் ஒன்று. பள்ளங்களின் அடிமட்டமும் ஒன்று. ஆகவே எல்லாப் பள்ளங்களிலும் நீரின் ஆழம் சமம். ஆழம் சமமானால் வேகமும் சமம். எனவே ஒவ்வொரு பள்ளத்தின் வழியே பாயும் நீரின் அளவு அதன் அகலத்தை மட்டுமே பொறுத்தது.

இன்னொரு சிறப்பும் உண்டு. ஆழம் கூடினால் நீர் பாயும் பரப்புக் கூடும். அதோடு வேகமும் ஆழத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே பாயும் நீர் ஆழத்தின் ஒன்றரை மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆழம் 4 செ.மீ. என்றால் பாய்ச்சல் 8 அலகு, 9 செ.மீ. என்றால் 27 அலகு. வெள்ளக் காலத்தில் மூன்று மடங்குக்கும் மேல் தண்ணீர் வருகிறது. ஆனாலும் ஒன்றுக்கு மூன்று என்ற பங்கு விகிதம் மாறவே மாறாது. லாபத்திலும் நட்டத்திலும் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் பங்கு!

யாராவது ஏமாற்ற நினைத்துத் தம் பள்ளத்தை ஒரு செ.மீ. ஆழமாகச் செதுக்கினால்? மற்றவர்களின் பள்ளத்தில் 4 செ.மீ. ஆழம் ஓடும்போது அவருடையதில் 5 செ.மீ. ஓடும். அவருக்கு 8 அலகுக்குப் பதில் ஏறக்குறைய 11.2 அலகு கிடைக்கும். நூற்றுக்கு நாற்பது அதிகம். தண்ணீர் குறைவாக உள்ள காலத்தில்தான் இந்தக் களவில் லாபம் அதிகம். ஆனால் கட்டை எல்லார் கண்முன்னும் இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மேல்வயல்காரர் ஏன் சம்மதிக்கிறார்?

கட்டை நீதியாகப் பங்கிடும், சரி. ஆனால் அப்படி ஒரு கட்டையைப் பதிக்க மேல்வயல்காரர் ஏன் சம்மதிக்க வேண்டும்? இங்கேதான் பூச்சி வருகிறது.

நெற்பயிரின் தூரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி உண்டு. நம் உழவர்கள் அதைப் 'புகையான்' என்கிறார்கள். அது முட்டையிலிருந்து முதிர்ந்த பூச்சியாக ஒரு மாதம் போதும். ஒரு வயலில் அறுவடை முடிந்தால், பக்கத்தில் பச்சைப் பயிர் இருக்கும் வயலுக்குப் பறந்துவிடும். அக்கம்பக்கத்து வயல்கள் வெவ்வேறு நாளில் நடப்பட்டால் பூச்சிக்கு ஆண்டு முழுவதும் விருந்துதான்.

ஆனால் ஒரு பெரிய பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் அறுவடையாகி, வயல்களில் நீரைத் தேக்கி, வாத்துகளையும் மேயவிட்டால்? பூச்சிக்கு உணவும் இல்லை, உறைவிடமும் இல்லை. மருந்தின்றியே அது அழியும். ஆனால் இதற்கு மேல்வயலும் கீழ்வயலும் ஒரே சமயத்தில் நட வேண்டும். கீழ்வயலுக்குத் தண்ணீர் கிடைத்தால்தானே அவர் அந்தச் சமயத்தில் நட முடியும்?

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். முழு விளைச்சல் 100 மூட்டை என்று வைத்துக்கொள்வோம்.

இருவரும் ஒரே சமயத்தில் நட்டு, மேல்வயல்காரர் தண்ணீர் விடாவிட்டால்: மேலவருக்கு 100, கீழவருக்குத் தண்ணீர்ப் பஞ்சத்தால் 80.

கீழவர் வேறு சமயத்தில் நட்டால்: இருவருக்கும் தண்ணீர் உண்டு, ஆனால் பூச்சியும் உண்டு. இருவருக்கும் 90.

இரண்டில் எதைக் கீழவர் தேர்ந்தெடுப்பார்? 80ஐவிட 90 மேல் அல்லவா? ஆகவே அவர் தனியே நடுவார். மேலவருக்கும் 90தான் கிடைக்கும்.

இப்போது மேலவர் கொஞ்சம் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறார். தண்ணீர் நிறைந்த வயல் சிறிது இழந்தால் நட்டம் குறைவு. காயும் வயல் அதையே பெற்றால் லாபம் அதிகம். மேலவருக்கு 96, கீழவருக்கு 92 என்று ஆகட்டும். கீழவர் மனமுவந்து ஒரே சமயத்தில் நடுவார். பூச்சி ஒழியும். இருவருக்குமே முன்பிருந்த 90ஐவிட அதிகம்! மேல்வயல்காரர் தருவது தானமன்று. பூச்சியிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளக் கொடுக்கும் விலை.

அப்படியானால் தீவு முழுவதும் ஒரே நாளில் நட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது. உழவுக்கும் நடவுக்கும்தான் தண்ணீர் மிக அதிகம் தேவை. எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்டால் ஆறு தாங்காது. கூட்டு மிகச் சிறியதானால் பூச்சி மிஞ்சும். மிகப் பெரியதானால் தண்ணீர் பற்றாது. இரண்டுக்கும் இடையே பொருத்தமான ஓர் அளவு இருக்கிறது. அதைத்தான் நீர்க்கோயில் கூட்டங்கள் கண்டுபிடித்து வைத்திருந்தன.

கூட்டு கலைந்தபோது

1970களில் பசுமைப் புரட்சி பாலிக்கு வந்தது. குறுகிய காலத்தில் முதிரும் புதிய நெல் வகைகள், உரம், பூச்சிமருந்து ஆகியவை வந்தன. நாட்டு மக்களுக்குச் சோறு வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். புதிய நெல் முதலில் நன்றாகவே விளைந்தது. ஆனால் கோயில் நாட்காட்டியை விட்டுவிட்டு, முடிந்தபோதெல்லாம் நடுங்கள் என்றும் உழவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆளுக்கொரு நாளில் நட்டார்கள். தண்ணீர்ச் சச்சரவு எழுந்தது. புகையான் பெருகியது, அதன் பிறகு துங்ரோ என்னும் நச்சுயிரி நோயும் பரவியது.

மருந்து தெளித்தார்கள். மருந்து, பூச்சியைத் தின்னும் சிலந்திகளையும் கொன்றது. இலையுறைக்குள் பத்திரமாக இருந்த புகையான் முட்டைகளோ தப்பித்தன. பொரித்து வந்த பூச்சிகளுக்கு எதிரியே இல்லை! மருந்து கூடக் கூடப் பூச்சியும் கூடியது. முடிவில் 1986இல் இந்தோனேசிய அரசே நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது.

கணிப்பொறி சொன்ன விடை

ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாரும் இதைக் கணிப்பொறியில் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். இரண்டு ஆறுகளுக்கு இடையிலுள்ள 172 சுபாக்குகளின் மழை, ஆற்றுநீர், பயிர், பூச்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். சுபாக் ஒவ்வொன்றும் தனியே நட்டால் என்ன, எல்லாம் ஒன்றாக நட்டால் என்ன, நீர்க்கோயில்களின் கூட்டுப்படி நட்டால் என்ன என்று கணித்தார்கள். கோயில் கூட்டு முறையில்தான் விளைச்சல் அதிகமாக இருந்தது.

இன்னொரு சோதனையும் செய்தார்கள். முதலில் ஒவ்வொரு சுபாக்கும் மனம்போனபடி நடட்டும். ஆண்டு முடிவில் அக்கம்பக்கத்தில் யார் அதிகம் விளைவித்தாரோ அவரைப் பார்த்து நடட்டும் என்று விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே கணிப்பொறியில் தோன்றிய கூட்டுகள், உண்மையான நீர்க்கோயில் கூட்டுகளைப் பெரிதும் ஒத்திருந்தன. மேலிருந்து ஓர் அரசனோ பொறியாளரோ திட்டமிட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அண்டை வயலைக் கவனிக்கும் பழக்கமே போதும்!

இன்று

2012இல் யுனெஸ்கோ நிறுவனம் பாலியின் சுபாக் நிலங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஜாத்திலுவியின் வயல்களும் அவற்றுள் அடங்கும். ஆனால் பெருமையுடன் ஆபத்தும் சேர்ந்தே வந்திருக்கிறது. பார்க்க வருவோருக்காக விடுதிகளும் உணவகங்களும் எழுகின்றன. தண்ணீருக்குப் போட்டி கூடுகிறது. இளைஞர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள்.

ஒரு வயல் கட்டடமானால் ஓர் உழவரின் விளைச்சல் மட்டும் போவதாக நினைக்கக் கூடாது. அதன் வழியே கீழே போகும் வாய்க்கால் அறுபடலாம். தூர் வார ஒரு கை குறைகிறது. கூட்டம் மெலிகிறது. கூட்டு மெலிந்தால் பூச்சி திரும்பும் என்பதை 1970களின் அனுபவமே காட்டிவிட்டது. வயலின் தோற்றத்தைக் காப்பது எளிது; வயல்காரர்களின் கூட்டைக் காப்பதுதான் கடினம்.

செய்து பாருங்கள்

ஒரு பழைய தகர டப்பாவின் மேல் விளிம்பில், ஒரே ஆழத்தில், 1 செ.மீ. அகலமும் 3 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு பள்ளங்களை வெட்டுங்கள். தகரம் கையைக் கிழிக்கும். பெரியவர்களின் உதவியுடன் வெட்டுங்கள். டப்பாவை மட்டமாக வைத்துக் குழாய் நீரை மெதுவாக விடுங்கள். இரண்டு பள்ளங்களின் வழியே விழும் நீரைத் தனித்தனிப் பாத்திரங்களில் ஒரு நிமிடம் பிடித்து அளந்து பாருங்கள். பிறகு குழாயை அதிகம் திறந்து மீண்டும் அளவுங்கள். விகிதம் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஓரங்களில் நீர் சிறிது ஒடுங்குவதால் சரியாக மூன்று மடங்கு வராது.

அடுத்து, டப்பாவை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து அளந்து பாருங்கள். பாலி உழவர்கள் அந்தக் கட்டையை ஏன் அவ்வளவு கவனமாக மட்டம் பார்த்துப் பதிக்கிறார்கள் என்பது உங்களுக்கே விளங்கும்.