ஒன்பது மில்லிமீட்டரில் ஒரு தோட்டத்து ரயில்

நான் முதன்முதலாக வாங்கிய மாதிரி ரயிலைத் தாத்தா ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "இது நம்ம ரயில் இல்லையேப்பா. பாதை அகலமா இருக்கே" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தஞ்சோங் ரம்புத்தானில் எங்கள் வீட்டுக்கு ரயில் சத்தம் கேட்கும். தாத்தா வேலை செய்த காலமெல்லாம் தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்கில்தான். எஸ்.பி.எம். முடிந்ததும் ஈப்போவில் ஒரு கடையில் மூன்று மாதம் வேலை செய்து நான் சேர்த்த பணத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குப் போயிருந்தது. அப்பாவிடம் ஏற்கெனவே திட்டு வாங்கியிருந்தேன். இப்போது தாத்தாவும் இப்படிச் சொன்னால்?

அளந்து பார்த்தேன். தாத்தா சொன்னது சரி. நான் வாங்கியது 'எச்ஓ' அளவு, அதாவது உண்மை ரயிலில் 87இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்குங்கள்: 1,435 வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான பாதைகளின் அகலம் அதுதான். நம் நாட்டிலோ 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட முதல் பாதையிலிருந்தே ஒரு மீட்டர்தான். இன்று ஈப்போ வழியாகப் பறக்கும் இ.டி.எஸ். மின்ரயிலும் அதே ஒரு மீட்டர் பாதையில்தான் ஓடுகிறது. கண்ணால் பார்த்தே தாத்தா கண்டுபிடித்துவிட்டார். எனக்குக் கால்குலேட்டர் தேவைப்பட்டது.

அதனால், தொடங்க நினைக்கும் மாணவர்கள் எதை வாங்கும் முன்னும் விகிதத்தைப் பாருங்கள். ரயில் ஒரு விகிதத்திலும் வீடு வேறு விகிதத்திலும் இருந்தால் ஆள் வாசலில் நுழைய முடியாது. (அந்தத் தவற்றையும் செய்திருக்கிறேன்.) நம் வீடுகளுக்கு 'என்' அளவு வசதி. 160இல் ஒரு பங்கு, பாதை 9 மில்லிமீட்டர். ஜப்பானின் காத்தோ நிறுவனம் விற்கும் 249 மில்லிமீட்டர் ஆர வளைவுத் துண்டுகள் எட்டைச் சேர்த்தால் முழு வட்டம். விட்டம் அரை மீட்டர்தான். நான்கடிக்கு இரண்டடி பிளைவுட் பலகையில் நீள்வட்டமே போடலாம். ஆனால் இவ்வளவு இறுக்கமான வளைவில் நீளமான பெட்டிகள் நன்றாக ஓடா. குட்டை இஞ்சினும் குட்டைப் பெட்டிகளுமே நல்லது.

மின்சாரம் இயற்பியல் பாடத்தில் படித்ததுதான். இரண்டு தண்டவாளங்களும் ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிகள். அதிகபட்சம் 12 வோல்ட் நேர்மின்னோட்டம் சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகிறது. வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். துருவங்களை மாற்றினால் ரயில் பின்னால் போகும். நான் பாதையைக் கொக்கிபோல் வளைத்து அதே பாதையில் கொண்டுவந்து சேர்த்தேன். கண்ட்ரோலர் உடனே நின்றுபோனது. யோசித்துப் பாருங்கள்: சுற்றி வரும்போது இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு போய்ச் சேர்கிறது. அது குறுக்குச்சுற்று. ரயில் தடுமாறி நின்றால் பெரும்பாலும் மோட்டாரில் கோளாறு இருக்காது. தண்டவாளத்தில் படிந்த அழுக்குதான் காரணம். ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் 'நம்ம ரயில்' கிடைக்கவில்லை. வழி காட்டியது பாட்டி. அவர் பிறந்து வளர்ந்தது தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராத்தா தோட்டம். அங்கே எண்ணெய்ப்பனைக் குலைகளை ஆலைக்கு இழுத்துப் போகச் சின்ன ரயில் பாதை உண்டு. அதன் அகலம் 700 மில்லிமீட்டர். பிரிட்டனில் 76இல் ஒரு பங்கு அளவில் மாதிரிகள் செய்பவர்கள் அதிகம். அந்த அளவில் ஆட்களும் வண்டிகளும் கிடைக்கும். 9ஐ 76ஆல் பெருக்குங்கள்: 684! 'என்' பாதையும் 'என்' இஞ்சினின் அடிப்பாகமும் வாங்கி, மேல்கூட்டை அட்டையில் 76இல் ஒரு பங்காகச் செய்தால் தோட்டத்து ரயில் தயார். வெளிநாட்டுப் பெட்டிக்குள் எங்கள் பேராக் ஒளிந்திருந்தது.

பாட்டி குடியிருந்த லயம் இப்போது இல்லை. படமும் இல்லை. அவர் நினைவிலிருந்துதான் அளவு எடுத்தோம். "வாசல் எவ்வளவு உயரம் பாட்டி?" என்றால், "உங்க தாத்தா குனியாம வருவாரு" என்பார். ஆறரை அடி என்று வைத்து 26 மில்லிமீட்டர் வெட்டினேன். தாத்தா தீக்குச்சி அளவில் சிலிப்பர் கட்டைகள் சீவிக் கொடுத்தார். கை நடுங்கும், ஆனால் ஒன்றும் கோணலாக இருக்காது.

போன மாதம் ரயில் முதன்முறையாக லயத்தைக் கடந்து போனது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு சுற்று விடச் சொல்லிக் கையைக் காட்டினார். பாட்டிதான் விரலை நீட்டினார். "தண்ணிக் குழாய் இந்தப் பக்கம் இல்ல கண்ணு, கோயில் பக்கம். அங்கதான் வரிசையா வாளி இருக்கும்."

பசை காய்ந்திருந்தது. பிளேடால் பெயர்த்து எடுத்தேன். வாளிகளை இனிமேல்தான் செய்ய வேண்டும்.