கடைக்காரர் அடித்த காசு

மிச்சக் காசுக்குப் பதிலாக டொபி தரும் கடைகளை நாம் அறிவோம். அமெரிக்க வியாபாரிகளோ ஒரு காலத்தில் சொந்தக் காசே அடித்துக் கொடுத்தார்கள். அந்தச் செப்புக் காசுகளைச் சேகரிப்பது எனது பொழுதுபோக்கு.

1861இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. மக்கள் நாணயங்களைப் பதுக்கியதால் 1862இல் சில்லறைக்குப் பெரும் தட்டுப்பாடு. கடைக்காரர்கள் தமது பெயரும் முகவரியும் பொறித்த ஒரு சதக் காசுகளை வெளியிட்டனர். அடிக்கும் செலவு ஒரு சதத்திலும் குறைவு. எனவே அதிலும் இலாபம்!

நியூயோர்க் மதுச்சாலைக்காரர் லிண்டன்முல்லர் 1863இல் பத்து இலட்சத்துக்கும் மேல் வெளியிட்டார். பயணிகளிடமிருந்து சேர்ந்த அவரது காசுகளைக் குதிரை ட்ராம் கம்பனியொன்று கொண்டுபோய்ப் பணம் கேட்டது. அவர் மறுத்துவிட்டார். கம்பனியால் எதுவும் செய்ய முடியவில்லை. 1864இல் தனியார் காசுகளை அரசு சட்டத்தால் தடைசெய்தது.

அவரது காசொன்று என்னிடமும் உண்டு. தாடி வைத்த அவர் முகம் அதில் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. பெயர் நிலைத்தது, வாக்கு நிலைக்கவில்லை.

வாடிக்கையாளருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் சிறு துண்டும் கடன்தான். அதுவும் ஓர் அமானிதமே. அதைக் கொண்டுவருபவர் யாராயினும் முகம் கோணாமல் பணம் கொடுப்போம். வியாபாரியின் நாணயம் அதுவே.