கடைசி மூன்றடி

மலேசியாவின் சுங்கை பெசியில் இன்று ஏரியாகக் கிடக்கும் பள்ளம், ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயர் பெற்றது. அதன் கரையிலுள்ள மைன்ஸ் கோல்ஃப் திடலில்தான் 1999 நவம்பரில் டைகர் வுட்ஸும் மார்க் ஓமீராவும் அமெரிக்காவுக்கு உலகக் கோப்பையை வென்று கொடுத்தார்கள். வுட்ஸ் என்றதும் 250 மீட்டரைத் தாண்டிப் பறக்கும் பந்துதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் கணக்கில் அந்த வீச்சும் ஒன்றுதான், குழிக்கு மூன்றடி முன்னால் கிடக்கும் பந்தைத் தட்டிவிடுவதும் ஒன்றுதான். 72 வீச்சில் முடிக்க வேண்டிய ஒரு சுற்றில் சரிபாதி, அதாவது 36, குழியைச் சுற்றிய கிரீனில் தட்டுவதற்கென்றே விடப்பட்டிருக்கிறது. இதற்குப் பெயர் பட்டிங், இதற்கான மட்டை பட்டர்.

மற்ற மட்டைகளின் முகம் பந்தைத் தூக்கிவிடும்படி நன்றாகச் சாய்ந்திருக்கும். பட்டரின் முகத்துக்கு மூன்று நான்கு பாகைச் சாய்வே உண்டு. புல்லில் அமுங்கிய பந்தைச் சற்றே எழுப்பி உருளவிட அது போதும். பந்தைத் தொடும் கணத்தில் அந்த முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கமே பந்து போகும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் தொலைவிலிருந்து தட்டும்போது திசை ஒரு பாகை பிசகினால் பந்து ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் விலகும். குழியின் விளிம்பை உரசும். மூன்றடியிலிருந்து தட்டினாலோ, மூன்று பாகை பிசகினாலும் விலகல் ஐந்து சென்டிமீட்டரைத் தொடாது. மெதுவாக வரும் பந்து அப்போதும் உள்ளே விழ வாய்ப்புண்டு. வேகமாக வந்தால் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே ஓடும். மூன்றடியில் கைநடுங்கும் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்: அந்தத் தொலைவில் கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது.

தொலைவு கூடும்போது புல்லைப் படிக்க வேண்டும். ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893இல் தொடங்கிய காலம் முதல், பிரிட்டிஷார் கொண்டுவந்த இந்த ஆட்டம் நம் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் புல்லில்தான் நடந்தாக வேண்டியிருக்கிறது. பெர்முடா போன்ற வெப்பநாட்டுப் புல் ஒரு பக்கமாகப் படுத்து வளரும். பந்தின் பின்னால் நின்று பாருங்கள். புல் பளபளத்தால் அது குழியை நோக்கிப் படுத்திருக்கிறது, பந்து விரையும். கருத்துத் தெரிந்தால் எதிர்த்து நிற்கிறது, சற்று அழுத்தித் தட்ட வேண்டும். மாலை இடிமழைக்குப் பிறகு அதே கிரீன் வேறு கிரீன். காலையில் பழகிய வேகம் அங்கே செல்லாது.

புல்லைப் போலவே ஆட்டக்காரரின் பார்வையையும் படிக்கலாம்; அதை ஆராய்ந்திருக்கிறார்கள். தட்டுவதற்கு முன் தேர்ந்த ஆட்டக்காரர்களின் பார்வை பந்தின் மேல் அலையாமல் நிலைக்கிறது என்று ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1992இல் காட்டினார். அன்று நன்றாக ஆடியவர்களின் கண்ணுக்குக் குழியே பெரிதாகத் தெரிந்ததாக 2008இல் ஜெசிக்கா விட் குழுவினர் எழுதினார்கள். ஆகவே தொலைவிலிருந்து தட்டித் தட்டித் தவறவிட்டுப் பயிற்சியைத் தொடங்குவது சரியல்ல என்பேன். பந்து குழியில் விழும் ஓசையை முதலில் காது பழக வேண்டும். ஓரடி, பிறகு இரண்டடி, பிறகு மூன்றடி.

பயிற்சிக்கு ஓர் உதாரணம் ஃபிஜியின் விஜய் சிங். அவர் முதல் தொழில்முறை வெற்றியைப் பெற்றது 1984இல், மலேசிய பிஜிஏ போட்டியில். 2001இல் சௌஜானா திடலில் மலேசிய ஓப்பனை வென்றார். பட்டிங்தான் அவருடைய பலவீனம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மட்டையை மாற்றினார், பிடியை மாற்றினார், பயிற்சியை மட்டும் விடவில்லை. 2004இல் வுட்ஸை விலக்கி உலகின் முதலிடத்துக்கு வந்தார்.

கிளாங்கிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் திடலுக்குப் போகும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மீட்டர் இரும்பு அளவுகோலைத் தரையில் வைத்து, அதன் ஒரு முனையில் பந்தை வைத்துத் தட்டுங்கள். மறுமுனைவரை விழாமல் ஓடினால், உங்கள் பட்டரின் முகம் நேராக இருக்கிறது.