போதையை விட்ட பெற்றோருக்குப் பிள்ளை எப்போது திரும்பக் கிடைக்கும்?

ஹெரோயினை நிறுத்தியவரின் நடுக்கமும் வாந்தியும் உடல்வலியும் பெரும்பாலும் ஒரு கிழமை, பத்து நாளில் அடங்கிவிடும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. அம்மா சொன்ன நேரத்துக்கு வருவாரா, அப்பா இன்றைக்கு எந்த முகத்தோடு வருவார் என்று கதவையே பார்த்துப் பழகிய பிள்ளை பயமில்லாமல் நித்திரை கொள்ள மாதங்கள் ஆகும், சில பிள்ளைகளுக்கு வருடங்கள். போதை மீட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் முதல் கணக்கை மட்டுமே எண்ணுகிறோம்.

பிள்ளை எப்படிப் பிரிகிறது?

கொழும்பில் இந்தப் பிரிவு இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று சட்டத்தின் வழி. கொட்டாஞ்சேனையில் நெருக்கியடித்த ஒரு தோட்ட வீட்டுக்குப் பொலிஸ் வருகிறது, தகப்பன் போகிறார், தாயாலும் சமாளிக்க முடியவில்லை என்றால் விடயம் நீதவான் முன் போகலாம். 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையைத் தகுதியான உறவினரிடம் ஒப்படைக்கலாம், நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம், நிறுவனத்துக்கும் அனுப்பலாம். நம் நாட்டுச் சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

மற்றது சத்தமில்லாத பிரிவு. வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் தகப்பனின் குடியோ தாயின் ஐஸ் போதைப் பழக்கமோ சனத்துக்குத் தெரியவரும் முன்பே, பிள்ளை யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவிடமோ வெளிநாட்டில் சித்தியிடமோ போய்விடும். இங்கே நீதிமன்றக் கட்டளை இல்லை, தவணை இல்லை, பிள்ளை எப்போது திரும்பும் என்று யாரும் எழுதி வைப்பதும் இல்லை. "அம்மாவுக்குச் சுகமில்லை" என்ற ஒரு வசனத்தோடு அந்தப் பிள்ளை வளர்கிறது. என்ன சுகமில்லை என்று யாரும் சொல்லாததால், தன்னால்தானோ என்று தனக்குள்ளேயே முடிவுகட்டிக்கொள்கிறது.

மூன்று கதவுகள்

பிள்ளையோடு திரும்பச் சேரப் பெற்றோர் தட்ட வேண்டிய மூன்று கதவுகளில் சிகிச்சை ஒன்று. 1984இல் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் நிலையங்களை நடத்தி வந்திருக்கிறது. அதன் ஆலோசனை இலக்கம் 1927. கொழும்பு ஹோட்டன் பிளேஸில் சுமித்ரயோ அமைப்பின் போதை ஆலோசனை நிலையமான மெல் மெதுர இருக்கிறது. சிகிச்சைக்கு அனுப்பும்படி நீதிமன்றமே கட்டளையிட 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது.

பிள்ளையின் விடயம் இரண்டாவது கதவு. அது மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. நீதிமன்றம் மூன்றாவது. தாயின் கோப்பு ஓரிடத்தில், பிள்ளையின் கோப்பு இன்னோரிடத்தில் கிடக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்ப்பவர் அரிது. கடிதமும் படிவமும் சிங்களத்தில் மட்டும் வந்தால், தமிழில் தரும்படி கேட்பது சலுகையல்ல, அரசியலமைப்பு தந்த உரிமை.

தாய்மாருக்கு இன்னொரு தடையும் உண்டு. பெண்கள் தங்கிச் சிகிச்சை பெறும் இடங்கள் மிகக் குறைவு. உதவி கேட்டால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரியது. அந்தப் பயமே பலரை மறைக்க வைக்கிறது, மறைப்பதால் நோய் முற்றுகிறது.

மற்ற ஊர்களில்

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1979இல் குடிநோய்க்குக் கணவரை இழந்தார். அடுத்த வருடமே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டுமன்றி குடும்பத்தினருக்கும் தனியாகச் சிகிச்சைத் திட்டம் உண்டு. குடித்தவர் ஒருவர், காயப்பட்டவர்கள் வீடு முழுவதும் என்ற புரிதல்தான் அதன் அத்திவாரம்.

லண்டனில் 2008இல் நீதிபதி நிக்கலஸ் கிரைட்டன் குடும்பங்களுக்கான போதை, மது நீதிமன்றத்தைத் தொடங்கினார். பெற்றோர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதே நீதிபதியைச் சந்தித்து, சட்டத்தரணி இல்லாமல் நேருக்கு நேர் பேசுவார்கள். சிகிச்சைக் குழுவும் நீதிமன்றத்தோடு இணைந்தே வேலை செய்யும். வழமையான வழக்குகளோடு ஒப்பிட்டபோது, இங்கே வந்த தாய்மாரில் கூடுதலானோர் போதையை விட்டதையும், பிள்ளைகளோடு கூடுதலானோர் சேர்ந்ததையும் புரூனல் பல்கலைக்கழக ஆய்வு கண்டது. நம் மூன்று கதவுகளையும் அங்கே ஒரே அறைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஒன்றுசேர்வது எப்படி?

பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பது ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. அது படிப்படியாக, மேற்பார்வையோடு நடக்க வேண்டும் என்று ஐ.நா.வின் 2009ஆம் ஆண்டு மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் சொல்கின்றன. இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, பிரிந்திருக்கும் பிள்ளை பெற்றோரோடு தொடர்பு வைத்திருக்கும் உரிமையை உறுதிசெய்கிறது. அந்தத் தொடர்பு பிள்ளையின் நன்மைக்குக் கேடாகும்போது மட்டுமே விலக்கு.

நடைமுறையில் முதலில் தொலைபேசி, பிறகு ஒருவர் கூட இருக்க ஒரு மணித்தியாலச் சந்திப்பு. அதன் பின் ஒரு பகல், ஒரு சனி ஞாயிறு. நாலு மணிக்கு வருகிறேன் என்றால் நாலு மணிக்கு நிற்க வேண்டும். கை நிறையப் பொம்மை கொண்டுவருவதைவிடப் பிள்ளைக்கு அது பெரிது. பிள்ளை கோபப்பட்டால், பேச மறுத்தால், அம்மம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றால், அதைத் தோல்வியாக எடுக்கக் கூடாது. வளர்த்த அம்மம்மாவையும் எதிரியாக்கக் கூடாது, பிள்ளைக்கு இப்போது இரண்டு வீடுகள்.

திரும்ப வழுக்குவது இந்த நோயில் சாதாரணம். அப்படி ஒரு நாள் வந்தால் பிள்ளை யாரிடம் போகும் என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வைக்க வேண்டும். அடியும் வன்முறையும் உள்ள வீடுகளுக்குப் பிள்ளையை அனுப்பவே கூடாத நிலையும் உண்டு. அங்கே பிள்ளையின் பாதுகாப்பே முதலும் கடைசியும். சந்தேகம் வந்தால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழைக்கலாம்.

இத்தனையையும் தொடங்கிவைக்க ஒரு கேள்வி போதும். சிகிச்சைக்கு வருபவரிடம் எதைப் பாவித்தீர்கள், எத்தனை வருடம் என்று முதல் நாளே கேட்கிறார்கள். அதே படிவத்தில், அதே நாளில், "உங்கள் பிள்ளை இப்போது யாரோடு இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும். பதிலை எழுதிக்கொள்ளும் நாளிலிருந்தே இரண்டாவது கணக்கும் எண்ணத் தொடங்கும்.